வகுப்பறையில் பரிவு: திருகோணமலை ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

மானிடவாதக் கல்வி என்று பயிற்சிக் காலத்தில் படித்தோம். சோதனை முடிந்ததும் மறந்துவிட்டது. சுருக்கமாக அது என்ன?

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க உளவியலை இரண்டு போக்குகள் ஆண்டன. வெகுமதியும் தண்டனையும் கொடுத்து மனித நடத்தையை வளைக்கலாம் என்றது நடத்தைவாதம். நனவிலி மனதில் புதைந்த ஆசைகளே ஆளை இழுக்கின்றன என்றது பிராய்டின் வழி. ஆபிரகாம் மாஸ்லோ, கார்ல் ரொஜர்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இரண்டிலும் சேராமல் நின்றார்கள். வளரவேண்டும் என்ற உந்தல் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது, சூழல் இடம் கொடுத்தால் அது தானே வேலை செய்யும் என்பது அவர்கள் கட்சி.

ரொஜர்ஸ் தொழிலால் உளவளத்துணையாளர். ஒருவர் மனம் மாறுவதற்கு என்னென்ன வேண்டும் என்று 1957இல் எழுதியதைப் பின்னர் வகுப்பறைக்கும் கொண்டுவந்தார். ஆசிரியருக்கு அதில் மூன்று விஷயம் உண்டு: நடிக்காமல் இருப்பது, பிள்ளையை நிபந்தனை போடாமல் மதிப்பது, பிள்ளை நிற்கும் இடத்தில் நின்று பார்ப்பது. விடைத்தாளில் உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற நேர் மதிப்பு, ஒத்துணர்வு என்று எழுதியிருப்பீர்கள். நடுவில் உள்ளதுதான் அதிகம் பிழையாக விளங்கப்படுவது. பிள்ளை செய்வதையெல்லாம் சரி என்று ஏற்கச் சொல்லவில்லை. கணக்குப் பிழைத்தாலும், பொய் சொன்னாலும், 'நீ இந்த வகுப்புப் பிள்ளை' என்பது மாறாது. பிழையும் பொய்யும் தனியே கவனிக்கப்படும். அவ்வளவுதான்.

பரிவு என்றால் பாவம் பார்ப்பதுதானே?

இந்தக் குழப்பத்தால்தான் அரைவாசிப் பிரச்சினை. தகப்பனை இழந்த பிள்ளையொன்று தரம் 4இல் இருக்கிறது. பெருக்கல் பிழை. 'பாவம், வீட்டில என்ன கஷ்டமோ' என்று ஆசிரியர் சரி போட்டுவிடுகிறார். அடுத்த வருடம் நெடும் பிரித்தல் வரும்போது பிள்ளை நடுவழியில் நிற்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. பாவம் பார்த்தவர் பிள்ளையின் வேலையைக் குறைத்தார். பரிவுள்ளவர் கொப்பியை எடுத்து 5 நிமிடம் பக்கத்தில் இருந்து, 7ஆம் 8ஆம் வாய்பாடுகள்தான் ஓட்டை என்று கண்டுபிடித்திருப்பார்.

'கண்ணோட்டம்' என்ற சொல்லை இன்று பார்வைக்கோணம் என்ற பொருளில் பாவிக்கிறோம். பழந்தமிழில் அதற்குப் பொருள் வேறு: எதிரில் நிற்பவர்மேல் கண் ஓடி மனம் இளகுவது. வள்ளுவர் அதை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில், ஆளுகிறவனுக்கு வேண்டிய குணங்களோடு வைத்தார். அதிலும், செய்யவேண்டிய கருமம் சிதையாமல் கண்ணோட வேண்டும் என்று ஒரு பூட்டும் போட்டார். 40 பிள்ளைகளை ஆளும் ஒருவருக்கு இதைவிடத் தெளிவான வரைவிலக்கணம் கிடைக்காது.

மனிதத் தேவைகளைப் படிப்படியாகக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணத்தில் கீழ்ப்படி நிறையாமல் மேலே ஏறவே முடியாதா? அப்படியானால் வறுமைப்பட்ட பிள்ளைக்குப் படிப்பு வராதா?

முக்கோணத்தை மாஸ்லோ வரைந்ததில்லை. பின்னால் வந்தவர்கள் வரைந்தது. 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் சராசரி ஆளுக்கு உடல் தேவை 85 வீதம், பாதுகாப்பு 70 வீதம், அன்பு 50 வீதம், சுயமதிப்பு 40 வீதம், தன்னிறைவாக்கம் (தன் ஆற்றலை முழுதாக வெளிக்கொணர்வது) 10 வீதம் நிறைந்திருக்கலாம் என்று உதாரணத்துக்காகச் சில எண்களைப் போட்டுக் காட்டினார். அளந்து எடுத்தவையல்ல. ஒரு படி முழுதாக நிறைந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும் என்ற விளக்கத்தைத் தடுக்கவே அப்படி எழுதினார்.

ஆகவே காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்த பிள்ளையும் கவிதை ரசிக்கும், வினா கேட்கும். ஆனால் மூன்றாம் பாடவேளை வரும்போது கவனம் நிற்காது. இரண்டும் சேர்ந்தே உண்மை.

பசியோடு வந்த பிள்ளையைக் கண்டுபிடிப்பது எப்படி? கண்டால் என்ன செய்வது?

'சாப்பிட்டு வந்தீங்களா?' என்று வகுப்பில் கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஓம் என்றுதான் சொல்லும். கேள்வியை மாற்றுங்கள்: 'காலமை என்ன சாப்பாடு?' பாண், பிட்டு, பழஞ்சோறு என்று உடனே பதில் வந்தால் பிரச்சினையில்லை. யோசித்துச் சொன்னாலும், பக்கத்தில் இருப்பவர் சொன்னதையே திருப்பிச் சொன்னாலும் குறித்துவையுங்கள். 9 மணிக்குப் பிறகு மேசையில் தலை வைப்பது, காலைக் கூட்டத்தில் தலைசுற்றுவது, இடைவேளையில் சாப்பாட்டுப் பக்கம் வராமல் மைதானத்திலேயே நிற்பது, தண்ணீர்க் குழாயடிக்கு அடிக்கடி போவது ஆகியவற்றையும் பாருங்கள்.

இந்த மாவட்டத்தில் இதற்கு ஒரு காலமும் உண்டு. குச்சவெளி, நிலாவெளி, மூதூர், கிண்ணியா போன்ற கரையோர ஊர்களில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் கொந்தளிப்பும் இருக்கும். தோணி இறங்காத நாள்கள் கூடும், வீட்டில் கடன் ஏறும். ஒக்டோபரில் நன்றாக இருந்த பிள்ளை டிசம்பர் பக்கத்தில் தூங்கி விழுந்தால், சோம்பேறி என்று எழுதுவதற்கு முன் கடலைப் பாருங்கள்.

வகுப்பில் மூடியுள்ள ஒரு தகரப் பேணி வையுங்கள். உள்ளே பிஸ்கட், அவித்த கடலை, வாழைப்பழம், எது முடிகிறதோ அது. யாரும் எடுக்கலாம், கேட்கத் தேவையில்லை என்ற ஒரே விதி போதும். முதல் கிழமை வசதியான பிள்ளைகளும் ஆசைக்கு எடுத்து முடித்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தில்தான் பலர் பேணியைத் தூக்கிவிடுகிறார்கள். பொறுங்கள், புதுமை ஓய்ந்ததும் தேவைப்படுகிறவர்கள் மட்டும் கை வைப்பார்கள், எடுப்பது வெட்கமாகவும் இராது.

கெட்டுப்போகும் வழி இன்னொன்று உண்டு. உதவி பெறும் பிள்ளைகளின் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பது, புத்தகப்பை கொடுக்கும்போது வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுவது. பை இரண்டு வருடத்தில் கிழிந்துவிடும். படம் அந்தப் பிள்ளை உயர்தரம் படிக்கும்போதும் யாரோ ஒருவரின் தொலைபேசியில் இருக்கும். கொடுக்கிறவர் படம் கேட்டால் பைகளை மட்டும் அடுக்கி எடுத்து அனுப்பலாம்.

40 நிமிடப் பாடவேளை, 40 பிள்ளைகள். இதற்கெல்லாம் நேரம் எங்கே?

புதிய நேரம் தேவையில்லை, ஏற்கெனவே செலவழிக்கும் நேரத்தைத் திருப்பிப் பாவிக்க வேண்டும்.

இடாப்பு கூப்பிடுவது ஒரு நல்ல இடம். பெரும்பாலும் தலை நிமிராமல் பெயர் வாசிக்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தரம் நிமிர்ந்து முகத்தைப் பாருங்கள். கூடுதலாக ஒரு நிமிடம் பிடிக்கும். நேற்று வராத பிள்ளையிடம் 'ஏன் வரேல்ல?' என்பதற்குப் பதிலாக 'நேற்று உங்கட இடம் வெறுமையா இருந்தது' என்றால் போதும். காரணம் தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்தது, கேள்வி கேட்டபின் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சராசரி ஒரு செக்கன்தான் காத்திருந்தார்கள். அதை 3 செக்கன் ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். முதல் நாளில் அந்த மூன்று செக்கன் மூன்று நிமிடம் போல இருக்கும். வழக்கமாகக் கை உயர்த்தும் நாலு பேரும் துடிப்பார்கள். 'கை வேண்டாம், யோசியுங்க' என்று சொல்லிவையுங்கள்.

எல்லாரிடமும் ஒரே நாளில் கதைக்க முயல வேண்டாம். வாங்கு வாங்காகப் பிரித்து நாளுக்கு 8 பேர் என்று வைத்தால் 5 நாளில் 40 பேரும் முடியும். அந்த 8 பேரின் கொப்பியில் மட்டும் சரி, பிழைக்கு மேலே ஒரு வசனம் எழுதுங்கள். 'நன்று' என்று எழுதாதீர்கள், அது யாருக்கும் ஒன்றும் சொல்லாது. 'மூன்றாம் கணக்கில் வழியை மாற்றிப் பார்த்தது நல்ல யோசனை' என்பது சொல்லும்.

கடைசியாக, கிட்டவே போக முடியாத ஒரு பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும். அந்த ஒருவருக்கு மட்டும் தொடர்ந்து 10 பாடசாலை நாள், நாளுக்கு 2 நிமிடம். பாடத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது, நடத்தையைப் பற்றியும் கூடாது. வலை பின்னுவது, கிரிக்கெட், வீட்டு ஆடு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போன பயணம், எதுவும் ஆகலாம். முதல் மூன்று நாள் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். பலர் நாலாம் நாளில் கைவிடுகிறார்கள்.

அன்பாக நடந்தால் வகுப்பு கையை விட்டுப் போய்விடாதா? பிரம்பு இல்லாமல் எப்படி?

பிரம்பைப் பற்றிய வாதம் முடிந்துபோனது. கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல்தண்டனையைத் தடுக்கிறது. மிச்சம் இருப்பது, அதற்குப் பதிலாக என்ன என்பது. வெறும் அன்பு போதாது, அதுவும் உண்மை. வகுப்பு கைமீறுவது அன்பால் இல்லை, இன்றைக்கு ஒரு விதி நாளைக்கு ஒரு விதி என்று மாறுவதால்.

விதி 4க்கு மேல் வேண்டாம். வருடத் தொடக்கத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுங்கள், ஒவ்வொன்றையும் மீறினால் என்ன நடக்கும் என்பதையும் அவர்களே சொல்லட்டும். அவர்கள் சொல்லும் தண்டனை நீங்கள் நினைத்ததைவிடக் கடுமையாக இருக்கும். குறைக்கும் வேலைதான் உங்களுக்கு.

வீட்டுவேலை செய்யாத ஒருவரோடு கதைப்பதைக் கிட்ட இருந்து பார்ப்போம். கொப்பியைத் தூக்கிக் காட்டி, 'இவருக்கு எப்பவும் இதுதான், படிக்கவா வாறார்?' என்றால் வகுப்பு சிரிக்கும், பையன் மேசையைப் பார்ப்பான், நாளைக்கும் எழுத மாட்டான். அதையே அவன் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து, மற்றவருக்குக் கேட்காத குரலில்:

'மகன், பக்கம் வெறுமையா இருக்கு. என்ன நடந்தது?'
'மறந்திட்டன் சேர்.'
'சரி. இது எழுதத்தான் வேணும். எப்ப எழுதித் தருவீங்க?'
'நாளைக்கு.'
'இண்டைக்கு இடைவேளையில 2 கணக்கு, மிச்சம் நாளைக்கு காலமை. சரியா?'

ஏன் எழுதவில்லை என்ற விசாரணை இதில் இல்லை. வேலையும் தள்ளுபடியாகவில்லை. நாளைக் காலையில் மறக்காமல் கொப்பியைக் கேட்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நீங்கள் மறந்தால் அந்தப் பேச்சு வெறும் தேன் தடவல்.

வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென்று அழுதால் அல்லது கோபத்தில் கதிரையைத் தள்ளினால்?

முதல் 5 நிமிடம் புத்தி சொல்லும் நேரமல்ல. கோபமோ அழுகையோ உச்சத்தில் நிற்கும்போது காரணம் சொல்லும் ஆற்றல் பிள்ளைக்கு இராது. முன்னால் நின்று குனிந்து பார்க்காதீர்கள். பக்கவாட்டில், பிள்ளையின் கண் மட்டத்துக்கு இருங்கள். உங்கள் குரலைப் பிள்ளையின் குரலைவிடத் தாழ்த்துங்கள். பெயரைச் சொல்லி, கண்டதை மட்டும் சொல்லுங்கள்: 'கை நடுங்குது. நான் பக்கத்தில இருக்கிறன்.' ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். விழுங்கும்போது மூச்சு தானாக ஒழுங்காகும். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு எழுத்து வேலை கொடுத்துவிட்டால் பார்வையாளர் கூட்டம் கலைந்துவிடும். தொடுவதென்றால் கேட்டுவிட்டுத் தோளில் மட்டும்.

உடைந்த பொருள், தள்ளிய கதிரை பற்றிய பேச்சு இடைவேளைக்குப் பிறகு, கட்டாயம்.

தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் வகுப்பில் பலர். விசேஷமாக என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். சவூதி, குவைத், கட்டார் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். துபாய், ஓமான் ஒன்றரை மணித்தியாலம். சவூதியில் ஒரு வீட்டில் வேலை முடிந்து இரவு 10 மணிக்கு அம்மா தொலைபேசியை எடுத்தால் மூதூரில் நள்ளிரவு 12.30. பிள்ளை அதுவரை முழித்திருக்கும், அல்லது எழுப்பப்படும். காலை 7.30க்கு வந்து தூங்கும் பிள்ளைக்கு உண்மையில் கிடைத்தது அம்மாவின் 15 நிமிடம். திட்டுவதற்கு முன் அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ அழைப்பு எந்த நாளில் வருகிறது என்று கேளுங்கள். வார நாள்களில் குரல்பதிவு, வெள்ளி இரவு நேரடி அழைப்பு என்று மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். மறுநாள் பாடசாலை இல்லை.

'என் அம்மா' என்ற கட்டுரையைத் தவிர்க்க முடியாவிட்டால், 'எனக்குச் சமைத்துத் தருபவர்' என்றும் எழுதலாம் என்று தலைப்பை அகலமாக்குங்கள். தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிடுபவர் யார் என்பதை ஜனவரியிலேயே தெரிந்து வையுங்கள். தவணை முடிவில் எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள்.

யாரும் எதிர்பாராதது, தாய் திரும்பி வரும் மாதம். இரண்டு வருடம் காத்திருந்த பிள்ளை கிட்டப் போகாது, எதிர்த்துக் கதைக்கும், படிப்பும் சரியும். தாய்மார் இதைக் கேட்டு உடைந்துபோவார்கள். அம்மா மறுபடியும் போய்விடுவாரோ என்று பிள்ளை சோதித்துப் பார்க்கிறது என்பதைத் தாயிடம் சொல்லுங்கள்.

யுத்தமும் சுனாமியும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாதே. அதைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டுமா?

2004 டிசம்பர் 26உம், 2006இல் சம்பூர், மூதூர் மக்கள் இடம்பெயர்ந்ததும் இன்றைய மாணவருக்குக் கதை. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு அது கதையல்ல. கடல் சற்று உயர்ந்தாலே பிள்ளையைப் பாடசாலையில் இருந்து கூட்டிப்போகும் தாயோடு வாதாடிப் பயனில்லை. சுனாமி ஒத்திகை, சைரன் சோதனை இருந்தால் முதல் நாளே வீட்டுக்கு அறிவியுங்கள்.

ஒரு மாணவர் இறந்துவிட்டால் மறுநாள் வகுப்புக்கு எப்படிப் போவது?

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். வெறுமையான வாங்கோடு வகுப்பு நடத்துவது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நன்றாக எழுதப்படாத விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாக.

செய்தியை வகுப்பாசிரியரே, முதல் பாடவேளையில், நேராகச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கியில் வேண்டாம். சிறுவர்களிடம் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே பாவியுங்கள். 'தூங்குறார்' என்றால் இரவில் தூங்கப் பயப்படுவார்கள். 'நல்ல பிள்ளை எண்டு கடவுள் கூப்பிட்டார்' என்றால் நல்ல பிள்ளையாக இருக்கவே பயப்படுவார்கள். தெரியாத விவரத்தைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

இடாப்பை அன்று பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். பழக்கத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிடுவது நடக்கிற பிழை. அதே நாளில் மேசையைத் தூக்காதீர்கள். சில நாள் இருக்கட்டும், பிறகு என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். சண்டை பிடித்துக் 'கோவம்' போட்டிருந்த நண்பர் ஒருவர் கட்டாயம் இருப்பார். மரணத்துக்குத் தன் கோவம்தான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்; அவரைத் தனியே கூப்பிட்டு, அப்படி இல்லை என்று வாய் திறந்து சொல்லுங்கள். சைவ வீடுகளில் 31ஆம் நாளும், முஸ்லிம் வீடுகள் பலவற்றில் 40ஆம் நாளும் துக்கம் திரும்பி வரும் நாள்கள். அந்தத் திகதிகளில் வகுப்புப் பரீட்சை வைக்காதீர்கள்.

ஒரு பிள்ளை தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொன்னால்?

'ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்' என்று சத்தியம் பண்ணாதீர்கள், காப்பாற்ற முடியாது. 'சொன்னது நல்லது. உங்களைப் பாதுகாக்க வேண்டியவங்களுக்கு மட்டும் சொல்லுவன்' என்பதே சரியான வாக்கு. துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்ன சொல்லிலேயே நேரம், திகதியோடு எழுதி, அன்றே அதிபருக்குத் தெரிவியுங்கள். வீட்டில் உள்ள ஒருவர்மேல் சந்தேகம் என்றால் வீட்டுக்கு முதலில் அறிவிக்கக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். உயிரை மாய்க்கும் பேச்சு இருந்தால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி 1926.

பெற்றோர் கேள்வி: தரம் 5 புலமைப்பரிசிலில் மகளுக்கு வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. என்ன சொல்வது?

200க்கு எத்தனை என்பதை முதல் வசனமாக வைக்காதீர்கள். பெறுபேறு வரும் நாளில் என்ன சாப்பாடு என்பதை முன்பே முடிவுசெய்து, புள்ளி எதுவானாலும் அதைச் சமையுங்கள். சித்தியடைந்தால் புரியாணி, இல்லாவிட்டால் மௌனம் என்ற வீட்டில் பிள்ளை ஒரு கணக்கைக் கற்றுக்கொள்கிறது: அன்புக்கும் வெட்டுப்புள்ளி உண்டு. நிபந்தனையற்ற மதிப்பு என்று ரொஜர்ஸ் சொன்னது இந்தச் சமையலறையில்தான் சோதிக்கப்படுகிறது. அயல் வீட்டுப் பிள்ளையின் புள்ளியை விசாரிக்கும் அழைப்புகளை அன்று எடுக்காமலும் விடலாம்.

ஆசிரியரும் மனிதர்தானே? காலை 5.30 பஸ்ஸில் வெருகலுக்குப் போய் வருபவர் எப்படி எப்போதும் கனிவாக இருப்பது?

எப்போதும் இருக்க முடியாது, இருப்பது போல நடிக்கவும் வேண்டாம். 'இண்டைக்கு எனக்குத் தலையிடி, குரல் கொஞ்சம் கடுமையா வரும், உங்களில கோவம் இல்லை' என்று சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படும் அளவுக்கு அடங்கி இருப்பார்கள். சொல்லாமல் சிரித்துக்கொண்டே எரிந்து விழுந்தால் தாங்கள் என்ன பிழை செய்தோம் என்று தேடுவார்கள். பிழையாகத் திட்டிவிட்டால், திட்டியது எல்லார் முன்னிலும் என்றால், மன்னிப்பும் எல்லார் முன்னிலும் கேளுங்கள்.

பலன் வருகிறதா என்று எப்படித் தெரியும்?

தவணைப் புள்ளியில் உடனே தெரியாது. முதலில் அசைவது வரவு. இடாப்பில் திங்கட்கிழமை வராதவர்களை மட்டும் தனியே எண்ணுங்கள். மாதா மாதம் ஒப்பிடுங்கள். அடுத்து, ஒரு பாடவேளையில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைக் கரும்பலகை ஓரத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். 'சேர், வெளியால போகவா?' கணக்கில் சேராது. இடைவேளையில் தனியே சாப்பிடும் பிள்ளைகளையும் கிழமைக்கு ஒரு தரம் எண்ணிக் குறியுங்கள். மூன்றையும் ஒரு பழைய கொப்பியில் திகதியோடு எழுதி, பெயர் போடாமல் வையுங்கள். கொப்பி யார் கையிலாவது போய்ச் சேரும். இரண்டாம் மாதத்தில் வகுப்பில் சத்தம் கூடியதாகத் தோன்றும். அதில் எவ்வளவு கேள்வி, எவ்வளவு அலட்டல் என்று அந்தக் கோடுகளைப் பார்த்தால் தெரியும்.